ஆறாவது லெவலில் இரண்டு கத்தி

“இரட்டைக் கத்தியை ஆரம்பத்தில் எடுப்பவன் முட்டாள். முப்பதாவது லெவல் வரைக்கும் வாளும் கேடயமும் வைத்து விளையாடுங்கள். பொறுமையாக இருந்தால் கத்தி பிறகு கைகொடுக்கும்.”

இதை எழுதியவர் கொழும்புப் பக்கத்து ஆள். நான் அவரை நேரில் பார்த்ததில்லை. தமிழில் கேம் விளையாடுகிறவர்கள் போனில் சேர்ந்திருக்கும் ஒரு குரூப்புக்கு அவர்தான் அட்மின். நான் அதை வாசித்தது தோட்டத்தில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக் களத்தில், ரப்பர் பால் வெட்டுக் கத்தியும் வாளியுமாக மற்றப் பெண்களோடு வரிசையில் நின்ற நேரத்தில். தூறல் போட்டுக்கொண்டிருந்தது. இன்றைக்கு வெட்டு உண்டா இல்லையா என்று கங்காணி வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது நினைத்தாலும் காது சூடாகிறது.

முப்பதாவது லெவலாம். அவருக்கென்ன, சொல்லிவிட்டுப் போவார். எங்கள் வீட்டு லெப்டொப்பில் எட்டாவது லெவலைத் தாண்டி யாரும் போனது கிடையாது. போகவும் முடியாது.

அந்த லெப்டொப் எப்படி வந்தது என்று சொன்னால்தான் என் கோபம் புரியும். அக்கா ஐந்து வருடம் குவைத்தில் ஒரு வீட்டில் வேலை செய்தாள். அந்த வீட்டுப் பிள்ளைகள் பாவித்துக் கழித்ததை, திரும்பி வரும்போது வீட்டுக்கார அம்மா அவளிடம் கொடுத்துவிட்டாள். அக்கா அதைத் துவாய்த் துண்டில் சுற்றி, பிளேனில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாளாம். தங்கச்சி கொம்பியூட்டர் படிக்கட்டும் என்று. ஆனால் தங்கச்சி பள்ளிக்கூடத்தை விட்டு இரண்டு வருடம் ஆகியிருந்தது. அம்மாவுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டு மரத்தடியில் குனிய முடியாமல் போனதும் ஒன்பதாம் வகுப்போடு நின்று நான் வேலைக்குப் போய்விட்டேன். அக்காவின் மனசு கஷ்டப்படும் என்று நாங்கள் யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. லெப்டொப்பை மேசையில் வைத்துவிட்டு அவள் என் கையைப் பார்த்தாள். ஒட்டுப்பால் காய்ந்து கறுத்துப்போன விரல்கள். அன்றைக்கு அவள் சோறு சாப்பிடவில்லை என்பது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

அதற்குள் ஒரு விளையாட்டு இருந்தது. குவைத்துப் பிள்ளைகள் அழிக்காமல் விட்டது. மந்திரவாதிகளும் பூதங்களும் கோட்டைகளும் உள்ள ஒரு நாடு. நம் ஆளை நாமே தேர்ந்தெடுக்கலாம்: வாள் வீரன், வில்லாளி, மந்திரவாதி, கள்ளன். எதிரிகளைக் கொன்றால் லெவல் கூடும், ஒவ்வொரு லெவலுக்கும் மூன்று புள்ளி கிடைக்கும், அதை உடல் வலிமைக்கோ வேகத்துக்கோ பதுங்கலுக்கோ போட்டு ஆளை வளர்க்கலாம். முதலில் ஒரு கிராமம், பிறகு காடு, பிறகு ஒரு சுரங்கம், கடைசியில் ஒரு கல் பாலம். பாலத்தில் இரும்புக் கவசம் போட்ட ஒரு ராட்சசக் காவலன் நிற்பான். அவனைச் சாய்த்தால் பாலத்துக்கு அந்தப்பக்கம் பெரிய நகரம். அங்கேதான் கதையே தொடங்குகிறது என்கிறார்கள்.

நான் அந்த நகரத்தைப் பார்த்ததில்லை. பாலத்தைக் கடந்ததும் எங்கள் லெப்டொப்பில் ஒரு வட்டம் சுற்றும். உள்ளே காற்றாடி மாவு மெசின் மாதிரி இரையும். திரை கறுத்துப்போகும். அவ்வளவுதான். அதற்கு அந்த நகரத்தைத் தாங்கும் பலம் இல்லை. திரும்பவும் கிராமத்திலிருந்து தொடங்க வேண்டியதுதான். பதினொரு தடவை தொடங்கியிருக்கிறேன்.

ஆகவே ஆரம்பத்தில் பொறுத்துக்கொள், பிறகு நன்றாக வரும் என்று யாராவது சொன்னால் எனக்கு ஆத்திரம் வருகிறது. எந்தப் பிறகு? மற்றவர்கள் ஆரம்பம் என்று சொல்லித் தாண்டிப்போகிற அந்த எட்டு லெவல்தான் எனக்கு முழு விளையாட்டு.

நான் பயந்த சுபாவம் உள்ளவள், அதையும் சொல்லிவிடுகிறேன். அடுப்பை அணைத்தேனா என்று பாதி வழியிலிருந்து திரும்பி வருவேன். மழை ரெண்டு நாள் விடாமல் பெய்தால் எங்கள் லயத்து வீட்டு வரிசைக்குப் பின்னால் உள்ள மண்மேட்டைக் காலையில் ஒரு தரம், மத்தியானம் ஒரு தரம் போய்ப் பார்ப்பேன், வெடிப்பு விட்டிருக்கிறதா என்று. மச்சான், அதாவது அக்காவின் வீட்டுக்காரர், தெஹியோவிட்ட டவுனில் த்ரீவீல் ஆட்டோ ஓட்டுகிறார். அவர் வர அரைமணி நேரம் பிந்தினால் ரோட்டு முனைக்குப் போய் நிற்பேன். இப்படிப்பட்ட நான் முதலில் வாள் வீரனைத்தான் எடுத்தேன். எல்லாரும் அதைத்தான் எடுக்கச் சொன்னார்கள். எதிரியைக் கண்டதும் ஓடினேன். கனமான கவசத்தோடு ஓட முடியாமல் செத்தேன். வில்லாளியை எடுத்தேன், அவசரத்தில் குறி தப்பியது. பிறகுதான் கள்ளன்.

கள்ளனுக்குப் பயம் தேவை. யார் எந்தப் பக்கம் பார்க்கிறான், ஓடுவதற்கு வழி எது, ஒளிவதற்குத் தூண் எங்கே என்று போகுமுன்னே பார்த்து வைத்துக்கொள்கிறவன்தான் பிழைப்பான். இதை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. நான் டவுன் பஸ்ஸில் ஏறும்போதே அப்படித்தான் பார்ப்பேன்.

அவனுக்கு ரெண்டு கத்தி. வலது கைக் கத்தியால் வெட்டினால் எதிரிக்கு இரத்தம் கசியும். அவன் தலைக்கு மேல் ஒரு சிவப்புத் துளி தோன்றும், ஒன்பது விநாடி நிற்கும். இடது கைக் கத்தியில் விஷம் பூசினால் பச்சைத் துளி, அதுவும் ஒன்பது. எல்லாரும் எழுதி வைத்திருப்பது என்னவென்றால், கள்ளன் கை வேகமானவன், நிறுத்தாமல் வெட்டு, வெட்டு, வெட்டு என்று. நானும் அப்படி வெட்டிப் பார்த்தேன். செத்தேன். ஐந்தாவது தடவை செத்தபோதுதான் ஒன்றைக் கவனித்தேன். சிவப்புத் துளி இருக்கும்போதே மறுபடி வெட்டினால், முதல் வெட்டில் கசிய வேண்டிய மீதி அழிந்துபோய், புதிதாக ஒன்றிலிருந்து தொடங்குகிறது. அப்படியானால் அந்த மீதி வீண்தானே?

பால் ஓடிக்கொண்டிருக்கிற வெட்டுக் கோட்டில் திரும்பக் கத்தி வைக்கிற ஒருத்தியை எங்கள் டிவிசனில் காட்டுங்கள் பார்ப்போம். ஒருநாள் விட்டு ஒருநாள்தான் ஒரு மரத்துக்குக் கத்தி. பட்டையை மெல்லிசாகச் சீவ வேண்டும், உள்ளே மரம் தெரியக்கூடாது, தெரிந்தால் காயம். சீவிவிட்டு, சிரட்டையைச் சரிபார்த்துவிட்டு, அடுத்த மரத்துக்குப் போய்விட வேண்டும். மிச்சத்தை மரம் தானே தரும். நின்று நின்று வெட்டினால் பால் கூடிவிடாது, மரம்தான் சாகும். இதை ஒரு விளையாட்டுக்குள் கொண்டுபோய்ச் செய்து பார்க்க எனக்கு ஐந்து சாவு தேவைப்பட்டதே என்று என் மேலேயே எனக்குக் கோபம் வந்தது.

அதற்குப் பிறகு என் ஆள் வலது கையால் ஒன்று, இடது கையால் ஒன்று, ரெண்டே வெட்டு வெட்டிவிட்டுத் தூணுக்குப் பின்னால் போய்விடுவான். நான் ஒன்பது எண்ணுவேன். மறுபடியும் ரெண்டு. புள்ளி எல்லாம் பதுங்கலுக்கும் வேகத்துக்கும். வலிமைக்கு ஒன்றுகூட இல்லை. தோல் சட்டைக்கு மேல் எதுவும் போடக்கூடாது. கிராமத்துக் கொல்லன் பட்டறைக்குப் பின்னால் ஒரு பெட்டியில் துருப்பிடித்த கத்தி கிடக்கும். அதை விற்றுவிடு என்றுதான் எல்லாரும் எழுதியிருக்கிறார்கள். விற்கக்கூடாது. அதுதான் இடது கைக்கு. இதையெல்லாம் என் ஒன்பதாம் வகுப்புக் கணக்குக் கொப்பியில் மிச்சமிருந்த வெற்றுப் பக்கங்களில் எழுதி வைத்தேன், எந்த எதிரி எத்தனை வெட்டுக்குச் சாகிறான், எத்தனை விநாடி என்று. பாலத்துக் காவலனை ஆறாவது லெவலில் சாய்த்தேன். ஒரு தடவை அல்ல, நாலு தடவை.

அட்மினின் அந்த அறிவுரையைப் படித்த அன்று கங்காணி, “இன்னைக்கி வெட்டு இல்ல, எல்லாம் வீட்டுக்குப் போங்க” என்றார். பட்டை நனைந்தால் வெட்ட முடியாது, பால் வெட்டுக் கோட்டில் நிற்காமல் மரமெல்லாம் வழிந்து வீணாகும். மழை நாளில் எல்லாருக்கும் முகம் தொங்கும், கூலி இல்லையே. எனக்கும் தொங்க வேண்டியதுதான். ஆனால் விளையாட எனக்கு இருந்தது மழை நாள் மட்டும்தான். வீட்டுக்கு வந்து அன்றைக்கும் அடுத்த மழை நாளிலும் உட்கார்ந்து, எனக்குத் தெரிந்ததையெல்லாம் தமிழில் எழுதிக் குரூப்பில் போட்டேன்.

பதில்கள் வந்தன.

“லெவல் ஆறுல பாலத்துக் காவலனா? காலையிலேயே போட்டுட்டீங்களா?”

“அக்கா, கோலம் போடுற குரூப் பக்கத்து வீடு.”

“எங்கேருந்து சுட்டது இது?”

ஒருவர் மரியாதையாக, நீங்கள் எங்கே படிக்கிறீர்கள் என்று கேட்டிருந்தார். நான் உண்மையைச் சொன்னேன். தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டுகிறேன், ஒன்பதாம் வகுப்பு வரை படித்தேன் என்று. அந்த மரியாதைக்காரரே அதற்குக் கீழே கண்ணீர் வரச் சிரிக்கும் மஞ்சள் முகம் மூன்றைப் போட்டார். கடைசியாக அட்மின் வந்தார்.

“சகோதரி, இந்த விளையாட்டுக்குள்ள ஒரு கணக்கு இருக்கு. அது தெரியாம எழுதினா புதுசா வர்றவங்க ஏமாந்து போவாங்க. மாசக் கடைசிக்குள்ள வீடியோ போடுங்க. இல்லாட்டி பதிவத் தூக்கிருவேன்.”

கணக்குத் தெரியாதாம் எனக்கு. கணக்குக் கொப்பியைத் தூக்கி அவர் முகத்தில் எறியலாம் போலிருந்தது. அதில் வாத்தியார் சிவப்பு மையால் ‘நன்று’ போட்ட பக்கத்துக்கு அடுத்த பக்கத்தில்தான் காவலனின் கணக்கு தொடங்குகிறது.

லெப்டொப்பில் விளையாட்டையும் ஓடவிட்டு வீடியோவும் எடுக்க முடியாது, அதற்கு மூச்சு முட்டிவிடும். யாராவது பக்கத்தில் நின்று போனால் எடுக்க வேண்டும். மச்சானை விட்டால் ஆள் இல்லை. அவர் நல்ல போன் வைத்திருந்தார். தோட்டத்தில் கல்யாணம், சடங்கு, தேர் என்று எது நடந்தாலும் வீடியோ அவர்தான். கேட்டதும் சிரித்தார்.

“பிஸ்ஸுதான் புள்ள ஒனக்கு, முழுப் பைத்தியம். எவனோ கொழும்புல ஒக்காந்துகிட்டு என்னமோ சொன்னான்னா, அவனுக்கு வீடியோ எடுத்து அனுப்பணுமா?”

“என்னைய பொய்க்காரின்னு சொல்றாங்க மச்சான்.”

“சொல்லிட்டுப் போறான். ஒனக்குத் தெரியுமில்ல?”

“எனக்குத் தெரிஞ்சா போதுமா?”

அவர் போனைக் கையில் எடுத்தார். “ஹரி, ஹரி, சரி. மொகத்த அப்பிடி வச்சிக்காத. எடுக்கிறேன்.”

ஆனால் அதற்கு மழை வேண்டும், காலையில் பெய்ய வேண்டும், இடி இருக்கக்கூடாது. அந்த லெப்டொப்பின் பெட்டரி செத்து வருடமாகிறது, பிளக்கில் இருந்தால்தான் வேலை செய்யும். இடி இடித்தால் எங்கள் பக்கம் லயத்தில் ஒரு பிளக் சுவரில் இருக்காது. இதற்கு நடுவில் தோட்டத்தில் மரங்களுக்கு ரெயின்காட் கட்ட ஆரம்பித்துவிட்டார்கள். வெட்டுக் கோட்டுக்கு மேலே பிளாஸ்டிக் தாளைப் பாவாடை மாதிரி சுற்றித் தார் வைத்து ஒட்டுவது. அது இருந்தால் மழையிலும் பட்டை நனையாது, மழையிலும் வெட்டலாம். அஞ்சாம் நம்பர் மலையும் ஆறாம் நம்பரும் முடிந்திருந்தது. நான் வெட்டுவது ஏழாம் நம்பர். கூலி குறையாது என்று எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள். நான் சந்தோஷப்பட்ட மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, தார் டின்னோடு நாலு ஆம்பிளைகள் ஒரு நாளைக்கு எத்தனை மரம் முடிக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதல் தடவை பாதிச் சண்டையில் இடித்தது. அக்கா ஓடி வந்து பிளக்கைப் பிடுங்கினாள்.

“ஒனக்கு உசுரு பெருசா, அந்தக் கள்ளன் பெருசா?”

“அக்கா, அவனுக்குப் பாதி உசுருதான் இருந்திச்சு!”

“ஒனக்கு அதுவும் இருக்காது. தள்ளு அங்கிட்டு.”

ரெண்டாவது தடவை தெரணியகலைப் பாதையில் மரம் விழுந்து கரண்ட் போய்விட்டது. மூன்றாவது தடவை காவலன் முன்னால் போய் நின்ற நேரத்தில் மச்சானுக்கு ஒரு ஹயர் ஓட்டம் வந்தது, அவிசாவளை ஆஸ்பத்திரிக்கு. போக வேண்டாம் என்று சொல்ல முடியுமா? மாசம் முடிய நாலு நாள் இருந்தது. ஏழாம் நம்பரில் மேல் பாதி மரங்களுக்குப் பாவாடை கட்டியாகிவிட்டது. எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு விளையாட்டுக்காக இப்படியா என்று என்னையே கேட்டுக்கொண்டேன். விளையாட்டுக்காக இல்லை என்றும் எனக்குத் தெரிந்திருந்தது. நான் தெரிந்து சொன்ன ஒன்றை ஒருத்தியும் ஒருத்தனும் நம்பவில்லையே.

அடுத்த நாள் காலையில் மழை. பூனை நடக்கிற மாதிரிச் சத்தமே இல்லாத மழை. கங்காணி கையை விரித்தார். மேல் பாதிக்காரர்களை மட்டும் நிறுத்திக்கொண்டு எங்களை அனுப்பினார். நான் ஓடினேன். லயத்து வாசலில் மச்சான் த்ரீவீலைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“வாங்க மச்சான், சீக்கிரம்!”

“தேத்தண்ணி குடிச்சிட்டு...”

“வந்து குடிங்க!”

காவலனுக்கு முன்னால் பாலத்தடியில் ஆளை நிறுத்தி முன்பே சேமித்து வைத்திருந்தேன். மச்சான் என் தோளுக்குப் பின்னால் போனைப் பிடித்துக்கொண்டு நின்றார். அக்கா கதவுச் சட்டத்தில் சாய்ந்துகொண்டு, கையில் ஈரத் துணியோடு. லெவல் ஆறு என்று திரையில் தெரிகிற இடத்தை விரலால் காட்டினேன். ரெண்டு கையிலும் என்ன கத்தி என்று திறந்து காட்டினேன். தொடங்கினேன்.

காவலன் திரும்பி நிற்கும்போது பின்னால் போய் ரெண்டு வெட்டு. தூணுக்குப் பின்னால் ஓட்டம். ஒன்று, ரெண்டு, மூன்று.

“அடியே, மொதுகுல போய்க் குத்துறியே, வெக்கமா இல்ல?” என்றார் மச்சான்.

“மொகத்துக்கு நேரா போனா நாந்தான் சாவேன். பேசாதீங்க, ஒங்க கொரலும் விழுது.”

“விழட்டும். ஆம்பள மாதிரி ஒரு வாள எடுத்து...”

“ஆம்பள மாதிரி எடுத்த ஒங்க ஆளு அன்னைக்கி எங்க செத்தான்? ஊர் நாய்க்கிட்டயே செத்தான்.”

அக்கா வாய்விட்டுச் சிரித்தாள். “நாய்க்கிட்டயா?”

“அது சாதா நாய் இல்ல,” என்றார் மச்சான். “ஓநாய்.”

எட்டு, ஒன்பது. மறுபடியும் ரெண்டு வெட்டு. காவலனின் கோடரி தூணில் பட்டுக் கல் தெறித்தது. என் ஆளின் உயிர்க்கோடு மூன்றில் ஒன்றாகக் குறைந்தது. ஒரே ஒரு அடி சரியாக விழுந்தால் முடிந்தது. உள்ளங்கை வேர்த்துக் கீபோர்ட் கட்டைகள் வழுக்கின. அரபு எழுத்துப் போட்ட அந்தக் கட்டைகளில் எந்தக் கட்டை எது என்று எனக்கு எழுத்தைப் பார்த்து அல்ல, தடவித்தான் தெரியும். ஒன்று, ரெண்டு. தூரத்தில் எங்கேயோ ஒரு உறுமல். லொறியா இடியா? அக்கா பிளக்கைப் பார்த்தாள். “லொறிதான் அக்கா, லொறிதான்!” என்று கத்தினேன். அது இடியாகவும் இருந்திருக்கலாம். அக்கா அசையவில்லை. அதற்காக அவளுக்கு நான் கடமைப்பட்டவள்.

காவலனின் உயிர்க்கோடு நூல் மாதிரி மெலிந்தது. கடைசி ரெண்டு வெட்டு. அவன் தலைக்கு மேல் சிவப்பும் பச்சையும் ஒன்றாக நின்றன. நான் கையை எடுத்துவிட்டேன்.

“அடி புள்ள! ஏன் நிக்கிற? அடி, அடி!”

“வேணாம். கசிஞ்சே விழுவான்.”

“தப்பிச்சிருவான்டி!”

“விழுவான்.”

அஞ்சு, ஆறு, ஏழு. காவலன் கோடரியை ஓங்கினான். ஓங்கியபடியே முழங்காலில் உட்கார்ந்தான். அப்புறம் முகம் கீழே பட விழுந்தான். பாலத்துக் கதவு திறந்தது. வட்டம் சுற்றியது. திரை கறுத்தது.

நான் அழுதேனா சிரித்தேனா என்று தெரியவில்லை. மச்சான் “அனே, சாச்சிட்டாளே!” என்று கத்தினார். போனை வாங்கி வீடியோவைப் பார்த்தேன்.

எல்லாம் தெளிவாக இருந்தது. லெவல், கத்திகள், தூண், எண்ணுகிற என் குரல், நாய்க்கதை எல்லாம். காவலன் கோடரியை ஓங்குகிறான். அந்த இடத்தில் படம் மெதுவாகத் திரும்புகிறது. லெப்டொப் ஓரத்துக்குப் போகிறது. படத்தை விட்டே போய்விடுகிறது. அதற்குப் பிறகு என் முகம். பெரிதாக, பொறுமையாக, அழகாக எடுத்திருக்கிறார். கடைசிப் பத்து விநாடியும் என் முகம். காவலன் விழும் சத்தம் மட்டும் பின்னால் கேட்கிறது. படம் திரும்பி வரும்போது திரை கறுப்பு.

“மச்சான், என்னா இது?”

“என்னா?”

“அவன் விழுறது எங்க?”

“அதான் சத்தம் கேக்குதே.”

“ஏன் என் மொகத்த எடுத்தீங்க?”

அவருக்கு உண்மையிலேயே விளங்கவில்லை. “பின்ன? தாலி கட்டுற நேரத்துல தாலியவா எடுப்பாங்க? பொண்ணு மொகத்ததான் எடுக்கணும். தாலிய யாரு வேணும்னாலும் எடுப்பான். அந்த மொகம் திரும்பக் கெடைக்குமா?” இதைத் தொழில் தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்கிற தோரணையில் சொன்னார்.

நான் அந்த இடத்திலேயே அவரைத் திட்டினேன். மரியாதை விட்டுத் திட்டினேன், அக்கா வாயைப் பொத்தினாள். கிராமத்து நாய்க்குச் செத்தவருக்கு இவ்வளவுதான் தெரியும் என்றேன். திரும்ப எடுக்கலாம் என்று கிராமத்திலிருந்து தொடங்கினால் ஆறு லெவலுக்கு ரெண்டு மழை நாள் வேண்டும். பாலத்தடியில் சேமித்து வைத்திருந்ததும் போய்விட்டது, காவலன் செத்ததும் அந்த விளையாட்டே அதை அழித்துத் தானாகப் புதிதாகச் சேமித்துக்கொள்ளும். இனி அதைத் திறந்தால் நகரம்தான், அதாவது கறுப்புத் திரைதான். அடுத்த நாளே தார் டின் என் மரங்களுக்கு வந்துவிட்டது. மழை பெய்தது, நான் பாவாடை கட்டிய மரத்தில் வெட்டிக்கொண்டிருந்தேன்.

இருந்த வீடியோவையே குரூப்பில் போட்டேன். அட்மின் எழுதினார்:

“கடைசிப் பத்து விநாடிய ஏன் மறைச்சீங்க சகோதரி? முகம் நல்லாத்தான் இருக்கு. ஆனா அது ப்ரூஃப் இல்ல.”

பதிவைத் தூக்கினார். என்னையும் தூக்கினார். ஒன்பது நிமிட வீடியோவில் அவன் உயிர்க்கோடு நூலாகிற வரைக்கும் கண் முன்னால் இருக்கிறது, அதைப் பார்க்கத் தெரியாத ஒருவருக்கு விளையாட்டின் கணக்குத் தெரியுமாம், எனக்குத் தெரியாதாம். ஒரு கிழமை, முழுசாக ஏழு நாள், மச்சானோடு பேசவில்லை. டவுனிலிருந்து சாமான் பையைத் தூக்கிக்கொண்டு நடந்தே வந்தேன். அவர் த்ரீவீலைப் பக்கத்தில் மெதுவாக ஓட்டிக்கொண்டு வந்தார். “ஏறு புள்ள, சீனி நனையுது” என்றார். ஏறவில்லை. சீனி நனைந்தது.

அடுத்து அவர் செய்ததுதான் பெரிய வேலை. என்னைக் கேட்காமல் அந்த வீடியோவை இன்டர்நெட்டில் தன் வீடியோப் பக்கத்தில் போட்டுவிட்டார். கல்யாண வீடியோக்களுக்கும் சடங்கு வீடியோக்களுக்கும் நடுவில். ‘எங்க கொழுந்தியா ராட்சசன சாச்ச நேரம்’ என்று மேலே எழுதியிருந்தார். அக்கா காட்டியபோது எனக்குக் கண் இருட்டியது. டவுன் முழுக்க என் முகத்தைப் பார்க்குமே! கீழே எல்லாரும் இதயம் போட்டிருந்தார்கள். ஒருவர் பொண்ணுக்கு எப்போ கல்யாணம் என்று கேட்டிருந்தார். அழிக்கச் சொல்லிக் கத்திக்கொண்டே கீழே தள்ளிப் பார்த்தபோது, சிங்களத்தில் ஒரு கேள்வி இருந்தது. கித்துல்கலையில் ஆற்றில் படகு ஓட்டுகிற பையன் யாரோ.

“அக்கே, இடது கையில் துருக்கத்தியை வைத்திருக்கிறீர்கள். நல்ல கத்தி இருக்கும்போது அது எதற்கு?”

கேலி செய்கிறான் என்றுதான் முதலில் நினைத்தேன். மூன்று தரம் வாசித்தேன். கேலி இல்லை. அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை, என் கத்தியைப் பார்த்திருக்கிறான்.

எனக்குச் சிங்களம் பேச வரும், எழுத மெதுவாகத்தான் வரும். அன்று பின்னேரம் படிக்கட்டில் உட்கார்ந்து எழுதினேன். விஷத்துக்குக் கூர் தேவையில்லை தம்பி, தோலில் பட்டால் போதும். நல்ல கத்தியை வலது கைக்கு வை, இரத்தத்துக்குத்தான் கூர் வேண்டும். வெட்டிய பிறகு ஒன்பது எண்ணு. அவன் ஓடினாலும் துரத்தாதே. வலிமைக்கு ஒரு புள்ளியும் போடாதே, யார் சொன்னாலும்.

நாலு நாள் ஒன்றும் வரவில்லை. அவனும் செத்திருப்பான், திட்டிக்கொண்டிருப்பான், நான் எங்கேயோ ஒரு விநாடி தப்பாக எண்ணியிருக்கிறேன் என்று வெட்டுக்கு நடுவிலெல்லாம் நினைத்தேன். ஐந்தாம் நாள், சிரட்டையில் இருந்த பாலை வாளியில் ஊற்றிக்கொண்டிருந்த நேரத்தில் போன் அடித்தது. படம். பாலத்தில் முகம் கீழே பட ஒரு ராட்சசன். மூலையில் லெவல் ஆறு. திறந்த கதவுக்கு அந்தப்பக்கம், நான் ஒருநாளும் பார்க்காத நகரம்: செங்கல் படிகள், துணிப் பந்தல் போட்ட கடைகள், மேலே ஒரு கோபுரத்தில் விளக்கு. விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். திரையில் ரப்பர் பால் ஒட்டிக்கொண்டது.

படத்துக்குக் கீழே எழுதியிருந்தான்: “விழுந்துவிட்டான் அக்கே! இனி முப்பது வரைக்கும் வாளுக்கு மாறிவிடட்டுமா? ஒரு கைடில் அப்படித்தான் போட்டிருக்கிறார்கள்.”

வாளியை மரத்தடியில் வைத்தேன். கையை என் பாவாடையில் துடைத்தேன். கங்காணி மேலேயிருந்து, “என்னா புள்ள, வேலை நேரத்துல போனு?” என்று சத்தம் போட்டார். “ஒரு நிமிசம் கங்காணி, ஒரு ஆளக் காப்பாத்தணும்” என்று சொல்லிவிட்டு எழுதத் தொடங்கினேன்.